நான்காம் கட்டிலில் ஒரு வியாபாரம்

குரு என்றால் வெள்ளைத் தாடி வேண்டும், சீடன் என்றால் அரும்பு மீசை வேண்டும் என்று யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை. இந்தக் கதையில் குருவுக்கு நாற்பத்தொரு வயது. பெயர் மைமூனா. திருநெல்வேலியில் மூளை அறுவை சிகிச்சைக்கென்றே இருக்கும் ஒரு மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவு அவர் பொறுப்பு. சீடருக்கு ஐம்பத்துமூன்று. பெயர் சற்குணம். ராமநாதபுரம் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிகளில் இருபத்தாறு வருடம் மயக்க மருந்து கொடுத்தவர். தலை முழுக்க நரை, முழங்காலில் வலி.

சீடர் குருவை மேடம் என்பார். குரு சீடரை சார் என்பார். குரு உள்ளே வந்தால் சீடர் எழுந்து நிற்பார். "இந்த முழங்காலோட எதுக்கு சார் எந்திரிக்கறீங்க?" என்று குரு கடிந்துகொள்வார். மறுநாளும் அவர் எழுவார், இவர் கடிந்துகொள்வார்.

சற்குணம் ஒரு வருட விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தார். வந்ததே ஒரு கேள்வியைக் கேட்கத்தான். முதல் நாள் காலையிலேயே கேட்டுவிட்டார்.

"மேடம், மூளை ஆபரேஷன் முடிஞ்சு வென்டிலேட்டர்ல இருக்கறவங்களுக்கு எந்தத் தூக்க மருந்து சரி?"

"தெரியலை சார்."

விளையாடுகிறார் என்று நினைத்த சற்குணம் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கட்டம் கட்டமாக எழுதியிருந்தார்.

"புரோபோஃபால், பால் மாதிரி இருக்கறது. சீக்கிரம் தூங்க வைக்கும், நிறுத்தினா சீக்கிரம் முழிக்க வைக்கும். ஆனா பிரஷரை இறக்கும். மிடசோலம் பிரஷர்ல அவ்வளவா கை வைக்காது. நாள் கணக்குல ஓட்டினா உடம்புல தேங்கிடும், நிறுத்தினாலும் ஆள் எந்திரிக்க மாட்டார். டெக்ஸ் குடுத்தா தூங்குவாங்க, பேர் சொல்லிக் கூப்பிட்டா கண்ணைத் திறப்பாங்க. ஆனா நாடி மெதுவாப் போயிடும்."

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க."

"இதுல எது மேடம்?"

"தெரியலை சார். டீ குடிச்சிட்டு வருவோம்."

வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே பெட்டியைக் கட்டியிருப்பார்கள். சற்குணத்துக்குக் கோபம் வரவில்லை. இவ்வளவு தெரிந்த ஒரு பெண், கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல் தெரியலை என்கிறாரே, இதற்குள் என்ன இருக்கிறது என்ற ஆவல்தான் வந்தது.

அந்தக் கேள்வி அவர் மனதில் ஏறி உட்கார்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒருவரை அவர் மதுரைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. ஆள் திமிறினார். சற்குணம் தொண்டையில் குழாய் போட்டு, நன்றாகத் தூங்க வைத்து ஆம்புலன்ஸில் ஏற்றினார். இரண்டரை மணி நேரம் அந்த மனிதர் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. மதுரையில் இறக்கிப் பார்த்தபோது மூளையில் ரத்தம் கட்டி இரண்டு கண்மணிகளும் விரிந்துபோயிருந்தன. வழியில் எந்த இடத்தில் அது நடந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அவர்தான் தூங்கிக்கொண்டிருந்தாரே.

யாரும் சற்குணத்தைக் குறை சொல்லவில்லை. அன்று கொடுத்த மருந்தின் பெயர், அளவு, கொடுத்த நிமிடம் எல்லாம் அவருக்கு மனப்பாடம். வேறு மருந்து கொடுத்திருந்தால் அந்த ஆள் பிழைத்திருப்பாரோ என்பதுதான் அவரை விடவில்லை. அந்த வேறு மருந்தின் பெயரைக் கேட்டுப் போகத்தான் இத்தனை தூரம் வந்திருந்தார்.

இரண்டாவது வாரம் நான்காம் கட்டிலுக்குக் கொம்பையா வந்தார். வயது ஐம்பத்தெட்டு. மாட்டுத் தரகர். மண்டையின் இடது பக்கம் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கட்டி. ஒன்பது மணி நேர அறுவை சிகிச்சையில் கட்டி வந்துவிட்டது, ஆனால் மூளை வீங்கியிருந்தது. முப்பது வருட பீடியில் நெஞ்சும் சரியில்லை. வீக்கம் அடங்கும்வரை சில நாள் வென்டிலேட்டரிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள்.

மறுநாள் காலை நர்ஸ் ரோஸ்லின் சற்குணத்தைத் தேடி வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"டாக்டர், நாலாம் பெட் ஆளு கையப் புடிச்சு இழுக்காரு. ஊசி போடப் போனா புடிக்காரு, வாயத் துடைக்கப் போனா புடிக்காரு. புடிச்சு போர்வைக்குள்ள வேற கொண்டு போறாரு."

சற்குணம் போய்ப் பார்த்தார். கொம்பையாவின் கண்கள் பாதி திறந்திருந்தன. நாடி நூற்று இருபத்திரண்டு. வென்டிலேட்டர் விட்டு விட்டுக் கத்தியது. வலது கை போர்வையின் மேல் எதையோ தேடிக்கொண்டிருந்தது.

"குழப்பத்துல இருக்கார். மிடசோலம் ரெண்டு மில்லிகிராம் குடுங்க சிஸ்டர்."

"மேடத்தக் கேக்காம தூக்க மருந்து ஏத்தக் கூடாது டாக்டர்."

"நான் மயக்க டாக்டர்மா."

"தெரியும் டாக்டர். இங்க எல்லாருக்கும் அதே ரூல்தான்."

மீன்காரரைப் பார்த்து மீனைத் தொடாதே என்றதுபோல இருந்தது சற்குணத்துக்கு. நல்லவேளையாக மைமூனா அதற்குள் வந்துவிட்டார்.

"எதுக்கு மருந்து சார்?"

"திமிர்றார் மேடம்."

"எதனால?"

சற்குணம் மறுபடி கொம்பையாவைப் பார்த்தார். மைமூனா குழாயைப் பார்த்தார். சளியை உறிஞ்சி எடுக்கச் சொன்னார். மூத்திரப் பை இறங்குகிறதா என்று பார்த்தார். கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். தலைக் கட்டுக்குப் பக்கத்தில் அழுத்தி, முகம் சுளிக்கிறதா என்று பார்த்து, வலி மருந்தைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார். எல்லாம் செய்த பிறகும் அந்த வலது கை தேடிக்கொண்டுதான் இருந்தது.

"உங்க கையைக் குடுங்க சார்."

சற்குணம் கையை அவரிடம் நீட்டினார்.

"என்கிட்ட இல்லை. அவர்கிட்ட."

கொம்பையாவின் கை வந்தது. காய்ப்பு ஏறிய பெரிய கை. சற்குணத்தின் விரல்களைத் தடவிப் பார்த்து, போர்வைக்குள் இழுத்துக்கொண்டு போய், ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து ஒரு அழுத்து அழுத்தியது. விட்டது. மறுபடி அதே இரண்டு விரல். விட்டது. மறுபடி அதே.

"மேடம், குழப்பத்துல பிடிக்கறவர் ஒவ்வொரு தடவையும் எண்ணி ரெண்டு விரலை மட்டும் பிடிப்பாரா?"

"தெரியலை சார். தெரிஞ்சவங்க யாராவது இருப்பாங்க."

தெரிந்தவர் நாலு மணிக்கு, பார்வையாளர் நேரத்தில் வந்தார். கொம்பையாவின் மனைவி பிச்சம்மாள். இரண்டு நாளாக வெளி வராந்தாவில் உட்கார்ந்து உட்கார்ந்து முகம் வாடியிருந்தது. கட்டில் பக்கம் போய் நின்றதும் அந்தக் கை அவர் கையைப் பிடித்துப் போர்வைக்குள் இழுத்தது. பிச்சம்மாள் குனிந்து போர்வையைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார்.

"ஏ யம்மா, அவுக யாவாரமுல்லா பேசுதாக!"

"என்ன வியாபாரம்?" என்றார் சற்குணம்.

"சந்தையில துண்டப் போட்டு மூடிக்கிட்டுப் பேசுவாகல்லா டாக்டரய்யா, அந்தப் பேச்சு. சுத்தி நிக்கவனுக்குத் தெரியாம வெரலப் புடிச்சே பேசுவாக. எத்தன வெரலோ அத்தன. வேண்டாம்னா ஒதறிருவாக. சம்மதம்னா முழுக் கையையும் பொத்திப் புடிப்பாக."

"இப்ப என்ன சொல்றார்?"

"ரெண்டுங்காக. வீட்டுல ரெண்டு பசு நெற மாசமா நிக்கி. அதக் கேக்காக."

பிச்சம்மாள் போர்வைக்குள் என்னவோ செய்தார். ஒரு பசு கன்று ஈன்றுவிட்டது, இன்னொன்று இன்னும் இல்லை என்று சொன்னாராம். கொம்பையாவின் பெரிய கை அவர் கையை முழுதாகப் பொத்திப் பிடித்தது. கொஞ்ச நேரத்தில் வென்டிலேட்டர் கத்துவதை நிறுத்தியது. நாடி நூற்றுப் பத்தானது, தொண்ணூற்றாறானது. ரோஸ்லின் வந்து, யாரும் கேட்காமலே பிச்சம்மாளுக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

சற்குணத்துக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இருபத்தாறு வருடத்தில் எத்தனை கைகளைக் கட்டிலோடு கட்டியிருப்பார்! மறுநாள் காலை மைமூனாவின் அறைக்குள் நுழையும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"பதில் கிடைச்சிடுச்சு மேடம். மருந்தே வேண்டாம். எல்லாத்தையும் நிறுத்திடலாம். பக்கத்துல ஒரு ஆள் உட்கார்ந்தா போதும்."

 மைமூனா கேன்டீனுக்கு ஆள் அனுப்பி ஒரு ஸ்ட்ரா வாங்கி வரச் சொன்னார். வந்தது.

"இதை வாயில வெச்சுக்கங்க சார். மூக்கைப் பிடிச்சுக்கங்க. இது வழியா மட்டும் மூச்சு விடணும். நான் சொல்றவரைக்கும் எடுக்கக் கூடாது."

"இது எதுக்கு மேடம்?"

"பார்க்கலாமே."

சற்குணம் வைத்துக்கொண்டார். முதல் நாலைந்து மூச்சு சுலபமாகப் போனது. பிறகு காற்று போதவில்லை. இன்னும் பலமாக இழுத்தார், இன்னும் போதவில்லை. மைமூனா ஏதோ காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஃபோன் வந்தது, எடுத்துப் பேசினார். இவர் பக்கம் திரும்பவே இல்லை. சற்குணத்துக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. இந்தப் பெண் என்னை மறந்துவிட்டார் என்று நிஜமாகவே பயந்துபோனார். ஸ்ட்ராவைத் துப்பிவிட்டு இருமு இருமென்று இருமினார்.

"எவ்வளவு நேரம் ஆச்சு மேடம்?"

"நாப்பத்தஞ்சு செகண்ட். உங்க ஸ்ட்ரா உதட்டுல இருந்துச்சு. அவரோடது தொண்டைக்குள்ள இருக்கு. இன்னைக்கு மூணாவது நாள்."

சற்குணம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க இருமினப்போ முகம் ரத்தமாச் சிவந்துச்சு சார். அவர் அப்படி இருமினா அந்த அழுத்தமெல்லாம் தைச்ச தலைக்குள்ளதான் போய் முட்டும்."

"அப்போ மருந்து வேணும்."

"வேணும்."

"எது? எவ்வளவு?"

"பத்து மணிக்குப் போய் அவர்கிட்ட ஒரு மாடு பேசிட்டு வாங்க."

"மேடம்?"

"இனிமே தினம் காலையில ஒரு மணி நேரம் உங்களுக்கு அதுதான் வேலை. மருந்து ஏத்தற பம்பு, ஊசி எல்லாம் நானும் ரோஸ்லினும் பார்த்துக்கறோம். நீங்க கையை மட்டும் பாருங்க."

சற்குணம் பிச்சம்மாளிடம் முறையாகப் பாடம் கேட்டுக்கொண்டார். வராந்தாவில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு ஒரு டாக்டரும் ஒரு தரகர் மனைவியும் விரல் பிடித்துப் பேசுவதைப் பார்த்து, போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். வைத்தியமா ஜோசியமா என்றுகூட ஒருவர் கேட்டார்.

பத்து மணிக்கு சற்குணம் நான்காம் கட்டிலில் வியாபாரத்துக்கு உட்கார்ந்தார். முதல் நாள், இல்லாத ஒரு மாட்டுக்கு மூன்று விரல் விலை சொன்னார். கொம்பையா உதறினார். நான்கு சொன்னார். உதறினார். ஐந்துக்கும் உதறினார். கண் மூடியிருக்கிறது, வாயில் குழாய், மண்டையில் கட்டு, ஆனாலும் மனிதர் படியவில்லை. கொஞ்ச நேரம் விட்டால் தூங்கிப்போவார். தோளைத் தொட்டு, "அண்ணாச்சி" என்றால் கை எழுந்து வரும். ஒருநாள் கை எழ நேரமானது. சற்குணம் அதைச் சொன்னதும் ரோஸ்லின் அவர் முதுகுக்குப் பின்னால் பம்பில் என்னவோ குறைத்தார். இன்னொருநாள் முகத்தில் வியர்வை, கை இறுகி இறுகிப் பிடித்தது. அதைச் சொன்னார். ஒரு சிரிஞ்சைக் கழற்றி வேறொன்று மாட்டினார்கள். சற்குணம் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு ஐந்து விரலுக்குப் பேரத்தை முடிக்கும் கவலை.

வியாபாரத்தின் நான்காம் நாள், வெள்ளிக்கிழமை. கொம்பையா நல்ல சுறுசுறுப்பில் இருந்தார். அன்றைக்கும் அவர்தான் விற்பவர். ஐந்து விரல் சொன்னார். சற்குணம் மூன்று சொல்லி உதறல் வாங்கினார். கொஞ்சம் பொறுத்து கொம்பையாவின் கை மறுபடி வந்து நாலு விரலைப் பிடித்தது.

இறங்கி வருகிறார் என்று சற்குணத்துக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். நாலு நாளாக அசையாத ஆள்! கல்லாக உட்கார்ந்திருந்தார். பத்து நிமிடம் கழித்து அந்தக் கை மூன்று விரலைப் பிடித்தது.

"சிஸ்டர், இவர் என்கிட்ட படியறார்!" என்றார் சற்குணம்.

பேரத்தை முடித்துவிடலாம் என்று கையை விரித்துக் கொடுத்தார். சம்மதம் என்றால் கொம்பையா முழுக் கையையும் பொத்திப் பிடிக்க வேண்டும். பிடித்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வந்து மூடின. மற்ற மூன்றும் வரவில்லை. சற்குணத்தின் உள்ளங்கையில் அவை கிடந்தன, அவ்வளவுதான்.

சற்குணம் குனிந்து கொம்பையாவின் முகத்தைப் பார்த்தார். மூடிய கண்ணுக்கு மேல் நெற்றி சுருங்கியிருந்தது. மனிதர் முழு மூச்சோடு மூடப் பார்க்கிறார்.

விலை இறங்கவே இல்லை. ஒவ்வொரு தடவையும் ஐந்தையும் பிடிக்கத்தான் பார்த்திருக்கிறார். முதலில் சுண்டுவிரல் போயிருக்கிறது, அப்புறம் மோதிர விரல், இப்போது நடுவிரல். இருபத்தாறு வருட அனுபவஸ்தன் ஒருவன் பக்கத்திலேயே உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டே, அதை லாபம் என்று எண்ணிச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறான். 

"மேடத்தைக் கூப்பிடுங்க! சி.டி.க்குச் சொல்லுங்க!"

ரோஸ்லின் ஓடி வந்தார். "மருந்து கூடிருச்சா டாக்டர்? நிறுத்திப் பாத்துருவமா?"

சற்குணம் அதற்குள் கொம்பையாவின் இடது கைக்குள் தன் விரலைக் கொடுத்திருந்தார். அந்தக் கை அவர் எலும்பு வலிக்கும்படி பிடித்தது.

"மருந்துக்கு இடது வலது தெரியாது சிஸ்டர். இது மருந்து இல்லை."

மைமூனா வந்தார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இரண்டு கைகளையும் தானே ஒரு தடவை பிடித்துப் பார்த்தார், கண்மணிகளைப் பார்த்தார். இரண்டும் ஒரே அளவில்தான் இருந்தன இன்னும். இருபது நிமிடத்தில் சி.டி. வந்துவிட்டது. இடது பக்கம், எடுத்த கட்டியின் இடத்துக்கு மேலே, ரத்தம் கட்ட ஆரம்பித்திருந்தது. அறுவை சிகிச்சை செய்த டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "நல்ல நேரத்துல பிடிச்சீங்க," என்று சொல்லிக்கொண்டே மறுபடி ஆபரேஷனுக்குக் கை கழுவப் போனார்.

சற்குணம் வராந்தாவில் பிச்சம்மாளோடு உட்கார்ந்திருந்தார்.  அவருக்குப் பயமாக இருந்தது. அந்தப் பத்து நிமிடத்தை அவர் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தார். பிச்சம்மாள்தான் பேசினார்.

"நீங்க சாப்பிட்டீங்களா டாக்டரய்யா?"

"இல்லம்மா."

"எனக்கும் எறங்கல."

இரண்டு மணி வாக்கில் கொம்பையாவைத் திரும்பக் கொண்டு வந்தார்கள். மறுநாள் காலை சற்குணம் கையைக் கொடுத்தபோது சுண்டுவிரல் தவிர மற்ற நான்கும் வந்தன. அதற்கு மறுநாள் சுண்டுவிரலும் வந்தது, கொஞ்சம் சோம்பேறித்தனமாக. திங்கட்கிழமை குழாயை எடுத்தார்கள். கொம்பையா ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டு, கட்டைக் குரலில் முதல் வார்த்தை பேசினார்.

"யாரு, என்கிட்ட யாவாரம் பேசுனது?"

எல்லோரும் சற்குணத்தைக் காட்டினார்கள்.

கொம்பையா அவரை மேலும் கீழும் பார்த்தார். "சார்வாள், உங்கள நம்பிச் சந்தைக்கு ஒரு கோழிகூடக் குடுத்தனுப்ப முடியாது."

வார்டே சிரித்தது. ரோஸ்லின் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். சற்குணமும் சிரித்தார், ஆனால் அவர் கண் நனைந்திருந்தது. அதை மறைக்கவும் இல்லை.

மத்தியானம் அவர் மைமூனாவின் அறைக்குப் போனார்.

"மேடம், வந்த அன்னைக்கு ஒரு கேள்வி கேட்டேன்."

"கேட்டீங்க."

"இன்னைக்காவது சொல்லுங்க. எந்த மருந்து?"

மைமூனா கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்தார்.

"வெள்ளிக்கிழமை காலையில முதல்ல எந்த விரல் போச்சு சார்?"

"சுண்டுவிரல். பத்து இருபது இருக்கும். பத்தரைக்கு மோதிர விரல். கடைசியில பொத்திப் பிடிச்சப்போ நடுவிரலும் வரலை."

"அவர் முழிச்சிருந்தாரா?"

"கண் மூடித்தான் இருந்தது. தோளைத் தொட்டா கை உடனே வந்தது. இருமலே இல்லை. நெற்றி சுருங்கிச்சு, இடது பக்கம் கொஞ்சம் அதிகமா. நாடி எண்பத்திரண்டு. இடது கையில நல்ல பிடி, அவர் நகம் பதிஞ்சது இன்னும் இருக்கு." சற்குணம் விரலைக் காட்டினார்.

மைமூனா எட்டிப் பார்த்தார். மூன்று நாள் ஆகியும் அந்தத் தடம் மங்கலாகத் தெரிந்தது.

"அந்த நேரத்துல அவருக்கு எந்த மருந்து ஓடிட்டிருந்துச்சு?"

சற்குணம் வாயைத் திறந்தார். பம்புகள் கட்டிலின் தலைமாட்டில், அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தன. ரோஸ்லின் சிரிஞ்சை மாற்றிய சத்தம் ஞாபகம் இருந்தது. அது வெள்ளையாக இருந்ததா, தண்ணீர் மாதிரி இருந்ததா என்று யோசித்தார். இருபத்தாறு வருடத்தில் இப்படி ஒரு கேள்விக்கு அவர் முழித்ததில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

மைமூனா எதிரிலிருந்த நாற்காலியைக் காட்டினார்.

"உட்காருங்க சார். இனி மருந்தைப் பத்திப் பேசலாம்."